பதினாறு குட்டிகளும் ஒரு வரவேற்பு விழாவும்

காட்டுத்தீயில் தாயை இழந்த பதினாறு குட்டிகள் குளக்கரைப் பாறைப் பொந்தில் கிடந்தன. மான், முயல், பன்றி என்று இனம் பலவாக இருந்தாலும் பசி வந்தால் எல்லாம் ஒரே குரலில் அழுதன.

மழைக்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது. அதுவரை அவற்றுக்குச் சோறு போடுவது யார்?

பெரிய விலங்குகள் கூட்டம் போட்டன. "ஐயோ பாவம்!" என்றன. கலைந்து போயின.

இளவட்டங்கள் மட்டும் கலையவில்லை. மலை அணில் செவ்வி, முள்ளம்பன்றி காரி, நகரத்திலிருந்து வந்த மைனா சொக்கன், இன்னும் நாலைந்து பேர். பால்குடி மறந்து ஓராண்டுகூட ஆகாத கூட்டம்.

"வீட்டுக்கு ஒரு பிடி கேட்போம்!" என்றாள் செவ்வி. "ஒரு பிடி கொடுத்து யாரும் ஏழையாகிவிட மாட்டார்கள். தினமும் போவோம். தினமும் கேட்போம்!"

ஓலைக்கூடையோடு வளை வளையாக, புதர் புதராக ஏறி இறங்கினார்கள். குரங்கு பழத்தைத் தின்றுவிட்டுத் தோலை எறிந்தது. காட்டுக்கோழி, "நேற்றுத்தானே கொடுத்தேன்! என் குஞ்சுகள் காற்றையா தின்னும்?" என்று கத்திவிட்டு ஒரு பிடி தினையைக் கொட்டினாள். எட்டுப் பிள்ளை பெற்ற எலியக்கா ஒருநாள்கூடத் தவறாமல் மூங்கிலரிசி கொடுத்தாள்.

"பிடி சின்னதுதான் தங்கச்சி. என் கை அவ்வளவுதான்!" என்று சிரித்தாள்.

பத்து நாள் இப்படிப் போயிற்று. குட்டிகளுக்கு அரை வயிறு நிரம்பியது. நாளைக்கென்று கொஞ்சம் அரிசியும் மிஞ்சியது.

பதினோராம் நாள் சொக்கன் கூடையைத் தொப்பென்று போட்டான்.

"எத்தனை நாளைக்கு இந்தப் பிச்சை? நான் நகரத்துப் பள்ளிக்கூடத்து வேப்பமரத்தில் குடியிருந்தவன். அங்கே ஒரு பெரியவரைக் கூப்பிடுவார்கள். வளைவு கட்டுவார்கள். மாலை போடுவார்கள். அவர் ஒரே வீச்சில் எல்லாவற்றையும் கொடுத்துவிடுவார்!"

"கொடுத்ததை நீ பார்த்தாயா?" என்று கேட்டான் காரி.

"மாலை போட்டதைப் பார்த்தேன்!"

செவ்விக்குச் சந்தேகம் இருந்தது. கால்வலியும் இருந்தது. கால்வலிதான் வென்றது. அவள் தலையாட்டினாள்.

தேன்பாறைக் கரடியாரிடம் போனார்கள். அவர் வயிற்றைத் தடவிக்கொண்டு சொன்னார்.

"பன்னிரண்டு தேனடை தருகிறேன். ஆனால் நான் கண்ட இடத்தில் கண்டபடி கொடுக்கிறவன் இல்லை. முறையாகக் கூப்பிடுங்கள். குட்டிகளை வரிசையாக நிறுத்துங்கள். மூங்கிலரிசிப் பாயசம் எனக்குப் பிடிக்கும்!"

ஐந்து நாள் யாரும் பிடி கேட்கப் போகவில்லை. எல்லோரும் வளைவு கட்டினார்கள். மிச்ச அரிசியை எடுத்துக் குட்டிகளுக்குக் கால் வயிறு போட்டுவிட்டு மற்றதை விருந்துக்கு ஒதுக்கினார்கள். எலியக்கா வந்து எட்டிப் பார்த்தாள்.

"நானும் வரட்டுமா தம்பி? அந்தக் குட்டிகளை ஒரு தடவை பார்க்க வேண்டும்."

"பெரியவர்கள் வருகிற இடம் அக்கா," என்றான் சொக்கன். "காலில் மிதிபட்டுப் போவீர்கள்!"

எலியக்கா திரும்பிப் போனாள். செவ்வியின் காதில் அது விழுந்தது. வாயைத் திறக்காமல் கொடியை முறுக்கிக்கொண்டிருந்தாள்.

விழா நாள் வந்தது. விடிந்ததிலிருந்து பதினாறு குட்டிகளும் வெயிலில் நின்றன. ஆளுக்கொரு கொன்றைப் பூ. பானையில் பாயசம் மணத்தது.

"விருந்தாளி சாப்பிட்ட பிறகுதான்!" என்று சொக்கன் மூடியின் மேல் உட்கார்ந்துகொண்டான்.

உச்சிப்பொழுது ஆயிற்று. கரடியார் வரவில்லை. கடைசியில் நின்ற சருகுமான் குட்டி செவ்வியைப் பார்த்தது.

"அக்கா, என் பூவைத் தின்றுவிட்டேன். திட்டுவீர்களா?"

சொல்லி முடிப்பதற்குள் அது சுருண்டு விழுந்தது.

செவ்வி ஓடிப்போய் அதைத் தூக்கினாள். உதிர்ந்த சருகைத் தூக்குவதுபோல இருந்தது.

"வரிசை கலையட்டும்! எல்லோரும் நிழலுக்கு வாருங்கள்! சொக்கா, மூடியை விட்டு இறங்கு!"

"ஐயோ, இன்னும் கொஞ்ச நேரம்! பன்னிரண்டு தேனடை!"

"பசித்த வாய்க்கு முன்னால் பாயசத்தை மூடி வைத்தோமே, நாம் யாருக்கு வேலை செய்கிறோம்? இவர்களுக்கா, கரடிக்கா? இறங்குடா!"

பதினாறு குட்டிகளும் பானையை வழித்து நக்கின. சருகுமான் குட்டி கண் திறந்தது.

தூங்கி எழுந்து கரடியார் வந்தார்.

"எங்கே வரிசை? எங்கே மாலை? எங்கே என் பாயசம்?"

"போக வேண்டிய வயிற்றுக்குப் போய்விட்டது ஐயா," என்றாள் செவ்வி. "மனமிருந்தால் தேனைக் கொடுங்கள்."

"என் வாசலில் வந்து கும்பிட்ட கைதானே இது?"

"ஆமாம். தேனீக்களின் உழைப்பைப் பிடுங்கி வைத்திருப்பவரைத் தருமவான் என்று கும்பிட்டோம். அது எங்கள் புத்திகெட்ட வேலை!"

கரடியார் உறுமினார். ஒரு சொட்டுத் தேன்கூடத் தராமல் திரும்பி நடந்தார்.

"உன் ரோஷம் குட்டிகளின் வயிற்றை நிரப்புமா?" என்று சொக்கன் அழுதான்.

"நிரப்பாது. நம் கால் நிரப்பும். கூடையை எடு!"

மறுபடி வீடு வீடாகப் போனார்கள். குரங்கு கைகொட்டிச் சிரித்தது. காட்டுக்கோழி, "ஏன், கரடி வீட்டுத் தேன் கசக்கிறதா?" என்று கேட்டுக் கதவைச் சாத்தினாள். நாற்பது வாசல் ஏறியும் கூடையில் ஒரு மணி விழவில்லை. கடைசியில் எலியக்காவின் வளை. செவ்விக்குக் கால் கூசியது. ஆனாலும் போய் நின்றாள்.

"அக்கா, உங்கள் அரிசியைக் கரடிக்குப் பாயசமாக வைத்தோம். உங்களை வர வேண்டாம் என்றபோது நான் ஊமையாக நின்றேன். தப்பு என்னுடையது."

"உன் தப்பை வைத்து நான் என்ன செய்ய? குட்டிகள் சாப்பிட்டனவா?"

"இன்று சாப்பிட்டன. நாளைக்கு ஒன்றுமில்லை."

எலியக்கா வளைக்குள் போனாள். அரிசியோடு வருவாள் என்று செவ்வி நினைத்தாள். அவள் எட்டுப் பிள்ளைகளோடு வெளியே வந்தாள்.

"இப்படிக் கொடு அந்தக் கூடையை! நீ கேட்டால் கோழி கதவைச் சாத்துவாள். நான் கேட்டால் சாத்துவாளா? அவள் அடைகாத்தபோது, பாம்பு வருகிறது என்று கத்தி எழுப்பியவள் நான்! ஆனால் ஒன்று. இனிமேல் என்ன செய்வதென்று முடிவெடுக்கும்போது நாங்களும் உட்காருவோம்."

"உட்காருங்கள் அக்கா. முன்வரிசையிலேயே உட்காருங்கள்!"

கோழி கதவைத் திறந்தாள். மறுநாள் தன் பெரிய குஞ்சை அனுப்பினாள். மூன்றாம் நாள் உடும்பு வந்தது. ஏழாம் நாள், பிடி கொடுத்த ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒருவர் பிடி கேட்கவும் வந்தார். சொக்கன் எல்லோருக்கும் பின்னால், வாயை மூடிக்கொண்டு, இருப்பதிலேயே கனமான கூடையைச் சுமந்தான். கால் வலித்தது. யாரும் நிற்கவில்லை.

மழை வந்தது. புல் முளைத்தது. பொந்திலிருந்து குட்டிகள் மேயக் கிளம்பின. செவ்வி ஒவ்வொன்றாக எண்ணினாள். பதினாறும் இருந்தன.

குழந்தைகளின் பசியைத் தீர்க்கப் புறப்பட்டவர்கள் ஒரு பெரிய வாசலில் கைகட்டி நிற்கக் கூடாது. நூறு சின்ன வாசல்களில் தலைநிமிர்ந்து கேட்டு, கொடுத்தவர்களையும் தங்களோடு சேர்த்துக்கொள்ள வேண்டும்.