பீச்சாங்கைக் கட்டு

"சாமி, என் நோட்டை அந்தப் பொண்ணுகிட்ட குடுத்துட்டீங்களா?"

"குடுத்துட்டேன்."

"அது உங்க வாக்கு எழுதின நோட்டு சாமி."

"ஆமா. பின்பக்கம் சும்மாத்தானே கிடந்துச்சு?"

சிதம்பரநாதனுக்கு அழுகை வந்துவிட்டது. முப்பத்தாறு வயது ஆள், ஒரு காலத்தில் ரங்கூன் அரிசி மில்லில் கிளார்க்காக இருந்தவன், நட்ட நடுக் காட்டில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

ரங்கூனில் ஜப்பான்காரன் குண்டு போட்டதற்கு அடுத்த கோடை அது. கப்பலில் இடம் கிடைக்காத தமிழர்கள் பர்மாவிலிருந்து இந்தியாவுக்கு நடந்தே கிளம்பியிருந்தார்கள். அந்தக் கூட்டத்தில் ஒரு மடமும் நடந்துகொண்டிருந்தது. கட்டடம் ரங்கூனிலேயே நின்றுவிட, வெற்றிலைச் சாமியும் அவருடைய ஒரே சீடனான சிதம்பரநாதனும் மட்டும் நடந்தார்கள். வெற்றிலை தீர்ந்து பத்து நாள் ஆகியும் சாமியின் பெயர் மாறவில்லை.

சாமி அதிகம் பேசமாட்டார். எப்போதாவது பேசியதைச் சீடன் தாளுக்கு ஒன்றாக எழுதிவைத்தான். மூன்று வருஷத்தில் முப்பத்திநாலு வாக்கு.

முதல் வாக்கு, அவன் மடத்துக்கு வந்த அன்று வாசலில் கேட்டது: "செருப்பைக் கழட்டிட்டு வா."

அதன் உள்ளர்த்தத்தைத் தேடியே அவன் ஒரு வருஷம் கழித்திருந்தான்.

தாளின் பின்பக்கம் அவன் எழுதுவதில்லை. குருவாக்கின் முதுகில் வேறெதுவும் எழுதக் கூடாதென்று அவனே ஒரு விதி வைத்திருந்தான். சாமிக்கு அந்த விதி தெரியாது.

*

பெண்ணின் பெயர் செங்கமலம். பன்னிரண்டு வயது.

அவளுடைய அம்மா உண்ணாமலை ரங்கூனில் கோயில் வாசலில் பூ விற்றவள். பெரிய ஆற்றைக் கடக்கும்போது கூட்டம் நெருக்கியது. பெண் படகில் ஏறிவிட்டாள். அம்மா கரையில் நின்றுவிட்டாள்.

இக்கரையில் யாரையும் நிற்கவிடவில்லை. வாந்திபேதி பரவியிருந்தது. நட, நட என்று பட்டாளத்துக்காரர்கள் விரட்டினார்கள். அழுதுகொண்டு நின்ற பெண்ணைப் பார்த்து, "எங்களோட நட" என்றார் சாமி.

பள்ளிக்கூடத்து டீச்சர் தினமும் டைரி எழுதச் சொல்லியிருந்தார். டைரி அம்மாவின் மூட்டையில் அக்கரையில் இருந்தது. இவளிடம் மிஞ்சியவை பின்னலில் செருகிய பென்சில் ஒன்றும், இடுப்பில் முடிந்திருந்த வாழைநார்க் கட்டு ஒன்றும்தான்.

சாமி நோட்டைக் கொடுத்த அன்றே அவள் ஆரம்பித்துவிட்டாள். தங்குகிற இடத்தில் எழுதுவாள். கிளம்பும்போது தாளைக் கிழித்து, சுருட்டி, நாலு இலை சேர்த்துப் பூக் கட்டுவதுபோல நாரால் கட்டி, பாதையோர மரத்தில் தொங்கவிடுவாள்.

அது அவள் மட்டும் செய்ததல்ல. வழி நெடுக மரங்களில் யார் யாரோ தங்கள் ஆட்களுக்காகச் சேலைக் கிழிசலும் சீட்டும் கட்டிவிட்டுப் போயிருந்தார்கள்.

*

"யாருக்கு எழுதுற?" என்று கேட்டான் சிதம்பரநாதன்.

"எங்கம்மாவுக்கு."

"உங்கம்மாவுக்குப் படிக்கத் தெரியுமா?"

"தெரியாது சின்னசாமி."

அவன் நேராகக் குருவிடம் போனான்.

"சாமி, அவ அம்மாவுக்குப் படிக்கவே தெரியாதாம்."

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும் சாமி."

"படிச்சியா?"

அவன் படிக்கவில்லை. திரும்பிப் போய்த் தாளைக் கேட்டான். அவள் இடது கையால் நீட்டினாள்.

"பீச்சாங்கையால குடுக்காதே. சோத்துக் கையால குடு."

அவள் கை மாற்றிக் கொடுத்தாள்.

‘சித்திரை 11. இன்று ஒன்பது மைல் என்றார்கள். கஞ்சியில் கல் இருந்தது. அம்மா, இந்த ஓடைத் தண்ணீரைக் குடிக்காதே. குடித்த மூன்று பேர் இறந்துபோனார்கள். மேட்டில் ஊற்று இருக்கிறது, அங்கே போய்க் குடி. எனக்குக் கால் வலி இல்லை. பொய். கொஞ்சம் வலிக்கிறது.’

அவன் அதை இரண்டு முறை படித்தான். பிறகு கையிலிருந்த தகரக் குவளையைக் கவிழ்த்து ஓடைத் தண்ணீரைக் கீழே ஊற்றினான்.

இதைச் சாமியிடம் சொல்லவில்லை. கௌரவம் என்று ஒன்று இருக்கிறதே.

*

மறுநாள் வேறொரு குறையோடு வந்தான்.

"சாமி, அந்தப் பொண்ணு பீச்சாங்கைக்காரி. உங்க வாக்கை அந்தக் கையாலதான் கட்டுறா."

"கட்டு நிக்குதா?"

"நிக்குது."

"அப்புறம் என்ன?"

"சாமி காரியத்துக்குக் கட்டுறதை யாராவது அந்தக் கையால கட்டுவாங்களா? அவ அம்மாவே திட்டுவாளாம். கேட்டேன்."

செங்கமலம் அதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எத்தனை அடி வாங்கியும் வலது கை வரவில்லையாம். எல்லோரும் ஒரு பக்கம் முறுக்கினால் இவள் மறுபக்கம் முறுக்குவாளாம். இவள் கட்டிய சரத்தை அம்மா தனியாக எடுத்து ஓரத்தில் போட்டு விற்பாளாம்.

சிதம்பரநாதன் இந்த விஷயத்தில் சும்மா பேசுகிறவன் அல்ல. மடத்தில் பூஜைக்கு மாலை கட்டியது அவன்தான். அவன் கட்டிய மாலையில் ஒரு பூ ஏறாது, இறங்காது.

"உனக்குக் கண்ணு நல்லாத் தெரியுது, சிதம்பரம்" என்றார் சாமி.

அவன் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டான். எழுதிவைக்க நோட்டுதான் இல்லை.

*

செங்கமலம் சேர்ந்த பதினாலாம் நாள் பாதை இரண்டாகப் பிரிந்தது.

இடது பக்கம் அகலமாக, பார்க்க நன்றாக இருந்தது. வலது பக்கம் முள்ளும் மேடும். வலது பக்கம்தான் இந்தியாவுக்குப் போகிற வழி என்று முன்னால் போனவர்கள் சொல்லியிருந்தார்கள்.

செங்கமலம் ஒரு கல்லில் உட்கார்ந்து எழுதினாள்.

‘அம்மா, வலது பக்கம் வா. நல்ல பாதை என்று ஏமாந்து அந்தப் பக்கம் போய்விடாதே.’

முந்தைய நாள் மழையில் நோட்டின் தையல் விட்டுப்போயிருந்தது. கைக்கு வந்த தாளை எடுத்து எழுதிவிட்டாள். அது முதல் தாள். முன்பக்கத்தில் "செருப்பைக் கழட்டிட்டு வா."

அவள் வலது பாதையின் முதல் மரத்தில் அதைக் கட்டித் தொங்கவிட்டு, சாமியின் கையைப் பிடித்துக்கொண்டு மேடேறினாள்.

சிதம்பரநாதன் பின்தங்கினான்.

கட்டு கோணலாக இருந்தது. இலைகள் ஒரு பக்கம் சாய்ந்திருந்தன. குருவின் முதல் வாக்கு அதில் தலைகீழாகத் தொங்கியது. இதை மட்டும் அவனால் பொறுக்க முடியவில்லை.

அவிழ்த்தான். இலைகளை நேராக்கி, வலது கையால், மாலைக்கு முடிபோடுகிற மாதிரியே பக்குவமாகக் கட்டினான். இரண்டடி பின்னால் நின்று பார்த்தான்.

அழகாக இருந்தது. திருப்தியோடு மேடேறினான்.

*

மலை தாண்டி, ரயிலடிக்குப் பக்கத்தில் முகாம். சோறு கிடைத்தது. துணி கிடைத்தது. ஒரு புண்ணியவான் சாமிக்கு வெற்றிலையும் கொடுத்தார்.

ஆனால் முகாமில் ஒரு சட்டம். துணையில்லாமல் வந்த பிள்ளைகளை ஐந்து நாள்தான் வைத்திருப்பார்கள். ஆறாம் நாள் ரயிலேற்றிக் கல்கத்தாவில் ஓர் அனாதை விடுதிக்கு அனுப்புவார்கள். அங்கிருந்து எந்த ஊருக்கு என்பது யாருக்கும் தெரியாது.

"இந்தப் பொண்ணுக்கு நீங்க என்ன உறவு?" என்று கேட்டார் முகாம் அதிகாரி.

"வழித்துணை" என்றார் சாமி.

அதற்கு அதிகாரியின் தாளில் இடம் இல்லை.

முதல் நாள் ஆற்றங்கரைக் கூட்டம் வந்து சேர்ந்தது. அதில் உண்ணாமலை இல்லை. இரண்டாம் நாள் வந்தவர்கள், "பூக்காரம்மாவா? எங்களுக்கு முன்னாலேயே போனாங்களே" என்றார்கள்.

முன்னால் போனவள் வரவில்லை.

மூன்றாம் நாளும் நாலாம் நாளும் செங்கமலம் மூங்கில் கேட்டின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். சோற்றை அங்கேயே வாங்கிச் சாப்பிட்டாள். டைரி எழுதவில்லை. ஒரே ஒரு தாள்தான் மிச்சம். அதை மடியில் வைத்திருந்தாள்.

சிதம்பரநாதனுக்கு மனசு கேட்கவில்லை. அந்தப் பெண்ணின்மேல் தனக்கு இவ்வளவு பாசம் வந்துவிட்டது அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது.

"சாமி, ஏதாவது சொல்லுங்க."

"யார்கிட்ட?"

"அந்தப் பொண்ணுகிட்ட."

சாமி போய் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். சாயங்காலம்வரை அப்படியே உட்கார்ந்திருந்தார்.

*

ஐந்தாம் நாள் மத்தியானம், அவளுடைய பெயரை மறுநாள் ரயிலுக்கு எழுதிய பிறகு, உண்ணாமலை வந்தாள்.

கால் இரண்டும் வீங்கியிருந்தன. தலையில் மூட்டை அப்படியே இருந்தது. மகளைப் பார்த்ததும் மூட்டையைக் கீழே போட்டாள்.

"என்னடி தலை இது? சீப்பு கிடைக்கலியா?" என்றாள்.

பிறகு இரண்டு பேரும் கட்டிக்கொண்டு அழுதார்கள். சிதம்பரநாதனும் அழுதான். சாமி வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார்.

"தாளெல்லாம் பாத்தியாம்மா?"

"பாத்தேன். கூட வந்தவங்க படிச்சுச் சொன்னாங்க. அந்த ஓடைத் தண்ணியை நாங்க யாரும் தொடல."

"கொண்டுவந்தியா?"

"எப்படிடி கொண்டுவருவேன்? பின்னால சனம் வருதில்ல. அவங்களுக்கு வேணாமா? மறுபடி அங்கங்கயே கட்டிட்டு வந்தேன்."

சிதம்பரநாதன் ஆர்வத்தோடு முன்னால் வந்தான்.

"வழியில அவ்வளவு சீட்டு தொங்குச்சே. படிக்கத் தெரியாத நீங்க உங்க பொண்ணோடதை எப்படிம்மா கண்டுபிடிச்சீங்க?"

"கட்டைப் பாத்துதான் சாமி. பீச்சாங்கைக் கட்டு. இந்த உலகத்துல அப்படிக் கோணலா கட்டுறது இவ ஒருத்திதான். தூரத்துல வரும்போதே தெரிஞ்சிடும்."

அவன் முன்னால் வைத்த காலைப் பின்னால் எடுத்தான்.

"பின்னே ஏம்மா இவ்வளவு நாளாச்சு?" என்று கேட்டாள் செங்கமலம்.

"ரெண்டு பாதையா பிரியுதே, அந்த இடத்துல தப்பிட்டேன். நான் மட்டும் முன்னால வந்துட்டேன், படிச்சுச் சொல்ல ஆள் இல்ல. வலது பக்கம் ஒரு சீட்டு தொங்குச்சு. உன் கட்டு இல்ல. அகலமா இருக்கேன்னு இடது பக்கம் போயிட்டேன். ரெண்டு நாள் நடந்தேன், ஒரு மரத்துலயும் உன் கட்டு இல்ல. உசிரே போயிடுச்சு. திரும்பி வந்து, என்ன ஆனாலும் ஆகட்டும்னு இந்தப் பக்கம் ஏறினா, மேட்டுக்கு அப்பால தொங்குது உன் கோணக் கட்டு."

"நான் கட்டினேம்மா அங்க."

"இல்லடி. அது வேற கை."

முகாம் அடுப்பில் யாரோ அண்டாவைச் சுரண்டும் சத்தம் கேட்டது.

"அது நான் கட்டினதும்மா" என்றான் சிதம்பரநாதன். "அவ கட்டினதை அவுத்துட்டு நான் கட்டினேன்."

உண்ணாமலை அவனை நிமிர்ந்து பார்த்தாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. ஒரு பூக்காரி இன்னொரு பூக்காரரைப் பார்க்கிற பார்வைதான் இருந்தது.

"நீங்களா சாமி? சும்மா சொல்லக் கூடாது, அருமையான கட்டு. ஒரு குறை சொல்ல முடியாது. அதான் எம் பொண்ணு கட்டினது இல்லேன்னு தாண்டிப் போயிட்டேன்."

சிதம்பரநாதன் குருவைத் திரும்பிப் பார்த்தான்.

"எழுதிக்கோ" என்றார் சாமி.

செங்கமலம் மடியிலிருந்த கடைசித் தாளை எடுத்தாள். பின்னலிலிருந்து பென்சிலை உருவினாள். இரண்டையும் சேர்த்து இடது கையால் நீட்டினாள். நீட்டிய பிறகுதான் ஞாபகம் வந்து, கை மாற்றப் போனாள்.

அதற்குள் அவன் வாங்கிக்கொண்டான்.