ஏழாம் வார்டின் உறுதியான ஓட்டு

ஏழாம் வார்டில் கவுன்சிலருக்கு நின்ற வடமலையப்பன், வீடு வீடாகப் போய் ஓட்டு யாருக்கு என்று கேட்டுவரச் சொல்லித் தன் ஆட்களை அனுப்பினார். அவர்களும் அவர் படம் போட்ட பேட்ஜைக் குத்திக்கொண்டு போனார்கள். இருநூறு வீட்டிலும் "அண்ணாச்சிக்குத்தான்" என்றே பதில் வந்தது. வடமலையப்பன் அன்றைக்கே வெற்றி ஊர்வலத்துக்கு மேளம் சொல்லிவிட்டார்.

அவருக்காக ஆட்டோவில் மைக் பிடிக்கும் தங்கபுஷ்பம் சிரித்துவிட்டாள்.

"என்னட்டி சிரிப்பு? அப்போ நீ போய்க் கேளு. நாளைச் சாயங்காலத்துக்குள்ள உறுதியான ஓட்டு எத்தனைன்னு சொல்லு. இல்லேன்னா மைக்கைக் கீழ வச்சிட்டுப் போயிரு!"

மறுநாள் சாயங்காலம் அவள் வந்தபோது, சேலையில் எதிராளி பேச்சிமுத்துவின் பேட்ஜ் இருந்தது.

"இதைக் குத்திக்கிட்டுத்தான் போனேன் அண்ணாச்சி. போன வீட்டிலெல்லாம் 'பேச்சிமுத்துக்குத்தான்'னு சொல்லுதாவ."

வடமலையப்பனுக்கு முகம் கறுத்துப்போனது. "ஒருத்தர்கூடவா என் பேரைச் சொல்லலை?"

"ஒருத்தங்க சொன்னாவ. இந்த பேட்ஜைப் பாத்த பிறகும், 'என் ஓட்டு வடமலையப்பனுக்குத்தான்'னு மூஞ்சிக்கு நேராவே சொன்னாவ."

"யாரு அந்தப் புண்ணியவதி? மாலை போடணுமே!"

"பேச்சிமுத்து சம்சாரம். 'இவரு ஜெயிச்சா, தினமும் வாசல்ல வந்து நிக்கிற அம்பது பேருக்கு யாரு காப்பி போடுறது?'ன்னு கேக்காவ."

அண்ணாச்சி வயிறு குலுங்கச் சிரித்தார். "பாத்தியா! அவன் வீட்டிலயே அவனுக்கு ஓட்டு இல்ல!"

"அப்புறம் உங்க பேட்ஜைக் குத்திக்கிட்டு உங்க வீட்டு மதினிகிட்டயும் கேட்டேன். அவங்களாலயும் காப்பி போட முடியாதாம். ஆக, உறுதியான ஓட்டு ரெண்டு பேருக்கும் ஆளுக்கு ஒண்ணு, அண்ணாச்சி."