நடுவில் தேய்ந்த ஷூ

மேலே பார்த்தால் வெள்ளை. கீழே பார்த்தால் புதுசு. நடுவில் மட்டும் கிழடு. அது என்ன?

அவசரப்படாமல் யோசியுங்கள். ரெஜினா மிஸ்ஸுக்கே விடை தெரிய எட்டு மாதம் ஆனது.

ரெஜினா மிஸ் ஓட்டப் பயிற்சி கொடுப்பவர். அவரிடம் பயின்றவர்களில் வேகமானவள் இசக்கியம்மாள், பத்தாம் வகுப்பு. வருகிற ஞாயிற்றுக்கிழமை மாவட்டப் போட்டி. மூவாயிரம் மீட்டரில் முதல் இரண்டு இடங்களுக்குள் வந்தால் அவளுக்கு விளையாட்டு விடுதியில் இடம் கிடைக்கும். பத்தாம் வகுப்போடு அந்த வாய்ப்பு முடிந்துவிடும்.

வெள்ளிக்கிழமை காலை பயிற்சி முடிந்ததும் இசக்கி மைதானத்துப் படியில் உட்கார்ந்தாள். முழங்காலுக்குக் கீழே, முன்பக்க எலும்பைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"மிஸ், ஷூவை எப்போ மாத்தணும்னு எப்படித் தெரியும்?"

பக்கத்தில் இருந்த தோழி ஜெபராணி சிரித்தாள். "உன் ஷூவுக்கு என்னட்டி? சனிக்கிழமை சனிக்கிழமை குளிப்பாட்டி, வெள்ளை பூசி, வெயில்ல காய வைக்கே. உன் தம்பியக்கூட நீ அப்படிக் குளிப்பாட்டுனது இல்ல."

அது உண்மைதான். அந்த ஷூவைப் போட்டு ஓடித்தான் இசக்கி மூன்று பதக்கம் வாங்கியிருந்தாள். அடிப்பாகம் தேய்ந்து வழவழவென்று ஆனபோது, பேருந்து நிலையத்தில் செருப்புத் தைப்பவரிடம் கொடுத்துப் புது ரப்பர் ஒட்டிக்கொண்டாள். ஒட்டச் சொன்னது மிஸ்தான். அதன் பிறகும் எட்டு மாதம் ஓடிவிட்டாள்.

"கழட்டு" என்றார் மிஸ். "ஜெபா, உன்னோடதையும்."

"என்னோடது நாறும் மிஸ்."

"பரவாயில்ல, கொடு."

இரண்டு ஷூக்களையும் படியில் வைத்தார். மேல்துணிக்கும் அடி ரப்பருக்கும் நடுவே பஞ்சு போன்ற ஓர் அடுக்கு இருக்கும். கால் தரையில் மோதும் அதிர்ச்சியைத் தாங்குவது அதுதான். ஜெபராணியின் ஷூவில் அந்த இடத்தைக் கட்டைவிரலால் அழுத்தச் சொன்னார். இசக்கி அழுத்தினாள். அமுங்கியது. விரலை எடுத்ததும் பழையபடி எழுந்துகொண்டது.

"இப்போ உன்னோடது."

அழுத்தினாள். அமுங்கவே இல்லை. பலகையை அழுத்துவது போல இருந்தது.

விடுகதைக்கு விடை அதுதான்.

"நான் அடியை மட்டும் பார்த்தேன்" என்றார் மிஸ்.

பிறகு அவர் தன் கட்டைவிரலை இசக்கியின் வலது கால் எலும்பில் மெல்ல வைத்தார். மேலிருந்து கீழே ஒவ்வோர் இடமாக அழுத்தி வந்தார். பொட்டு அளவு ஓர் இடத்தில் விரல் பட்டதும், "அம்மா!" என்று இசக்கி காலை இழுத்துக்கொண்டாள்.

"இங்க மட்டுமா?"

"இங்க மட்டுந்தான்."

"எத்தனை நாளா?"

"மூணு வாரமா."

"ஏன் சொல்லல?"

"சொன்னா நிறுத்திருவீங்கல்லா."

மிஸ் விரலை எடுத்தார். "எலும்புல கீறல் விழுந்திருக்கும்னு நினைக்கேன். இன்னைக்கே டாக்டர்கிட்ட போவோம்."

"ஞாயித்துக்கிழமை ஓடுனா?"

"கீறல் முறிவாகலாம். ஆகாமலும் போகலாம்."

"அடுத்த வருசம் எனக்கு விடுதி கிடையாது மிஸ்."

"தெரியும்."

"புது ஷூ போட்டா சரியாயிருமா?"

"ஷூ சரியாயிரும்."

ஜெபராணி இப்போது சிரிக்கவில்லை. தன் ஷூவை எடுத்து, காலில் மாட்டாமல், மடியில் வைத்துக்கொண்டாள்.

இசக்கி மறுபடி கேட்டாள். "அப்போ எப்போதான் மிஸ் மாத்தியிருக்கணும்?"

"நீ வலது காலைச் சாய்ச்சு ஓட ஆரம்பிச்ச அன்னைக்கு."

"அது என்னைக்குன்னு எனக்கே தெரியாதே."

"எனக்குத் தெரியும். போன மாசம், ரெண்டாவது சனிக்கிழமை. அன்னைக்குத்தான் நீ பத்து செகண்டு வேகமா ஓடி முடிச்ச. கடிகாரத்தைப் பார்த்துட்டு, காலைப் பத்தி நான் பேசாம இருந்துட்டேன்."

அன்று மாலை, இசக்கியே மிஸ்ஸிடம் போய், போட்டிப் பட்டியலிலிருந்து தன் பெயரை எடுத்துவிடச் சொன்னாள்.