முப்பத்தொன்றாம் ஏட்டில் வந்த காதல்

மாதம் மும்மாரி பொழிந்த காலத்தில் என்றுதான் இத்தகைய கதைகள் தொடங்கும். இது நடந்தபோது இரண்டு மாரிதான் பொழிந்தது. மூன்றாவதைப் புலவர்கள் சேர்த்துக்கொண்டார்கள். அப்போது வேங்கைமலை நாட்டை நெடுங்கோ என்றோர் அரசன் ஆண்டான். காலையில் ஒருவனைத் தளபதி ஆக்குவான். மாலையில் அவனையே தோட்டக்காரன் ஆக்குவான். இரண்டு வேலையையும் அவன் சரியாகச் செய்யவில்லை என்று வருந்துவான்.

அந்த அரசனுக்குக் கதை எழுதும் ஆசை வந்தது. அறுபது ஏட்டில் எழுதியும் முடித்தான்.

கதையில் மருளி என்றொரு சூனியக்காரி. அவளை ஒழிக்க வருகிறவன் தீவண்ணன் என்ற வீரன். இருபதாம் ஏட்டில் அவன் அவளுடைய வீட்டைக் கொளுத்துகிறான். இருபத்தைந்தில் அவள் அவனுடைய தம்பியை ஆடாக மாற்றுகிறாள். முப்பதில், ஒருவர் தலையை ஒருவர் கொய்வதாகச் சபதம். முப்பத்தொன்றில் மழை. இருவரும் ஒரே குகையில் ஒதுங்குகிறார்கள், கண்கள் சந்திக்கின்றன, திருமணம். தம்பி ஆடாகவே இருந்தான்; அவனைப் பற்றி யாரும் விசாரிக்கவில்லை.

அரங்கேற்றம் நடந்தது. ஏடுகளைப் படியெடுத்த வல்லிதான் அவையில் வாசித்தாள். அவளுடைய குரலும் கையெழுத்தும் அரசனுக்குப் பிடிக்கும். அந்த வாசிக்கும் இருக்கைக்குப் பல ஆண்டுகளாக ஆசைப்பட்ட அவைப்புலவர் பெருஞ்சாத்தனாருக்கு அவளைக் கண்டாலே ஆகாது. ஆனாலும் ஏட்டுக்கு ஓர் "ஆகா" வீதம் அறுபது முறை சொல்லி முடித்தார்.

அரங்கேற்றத்துக்கு ஒரு மரபு உண்டு. தடை சொல்ல யாராவது இருக்கிறீர்களா என்று மூன்று முறை கேட்பார்கள். தடை சொன்னவர் அதை நிறுவ வேண்டும்; முடியாவிட்டால் எழுத்தாணியை அவையில் வைத்துவிட்டு, பிறகு ஆயுளுக்கும் எழுதாமல் இருக்க வேண்டும். எழுதியவன் அரசன் என்பதால் இம்முறை சும்மா பேருக்குத்தான் கேட்டார்கள். மூன்றாம் முறை வல்லி எழுந்தாள்.

"அரசே, முப்பதாம் ஏடு வரை இவர்கள் பகைவர்கள். அடுத்த ஏட்டில் கணவன் மனைவி. நடுவில் மழையைத் தவிர எதுவும் நடக்கவில்லை. மூன்று முறை படியெடுத்தேன், மூன்று முறையும் அந்த இடத்தில் கை நின்றது. இந்தக் காதலை என்னால் நம்ப முடியவில்லை."

"ஏடு கீறும் கைக்குக் காவியத்தைப் பற்றி என்ன தெரியும்?" என்றார் பெருஞ்சாத்தனார்.

அரசனின் முகம் கறுத்தது. நாளைப் பொழுது சாய்வதற்குள் நிறுவ வேண்டும், இல்லையென்றால் எழுத்தாணியை வைத்துவிட்டுப் போக வேண்டும் என்றான். வல்லி வீட்டில் அடுப்பு எரிந்ததே அந்த எழுத்தாணியால்தான். அவள் ஒன்று மட்டும் கேட்டாள்: நாளை முழுக் கதையையும் மறுபடி வாசிக்கிறேன், எங்கே பிழை கண்டாலும் புலவர் என்னை நிறுத்தட்டும், நிறுத்தினால் அந்த இடத்திலேயே தோற்றேன். புலவர் மகிழ்ச்சியோடு ஒப்புக்கொண்டார்.

மறுநாள் வாசிப்பு நடந்தது. புலவர் நிறுத்தவில்லை. நேற்றைப் போலவே ஏட்டுக்கு ஓர் "ஆகா". குகையில் கண்கள் சந்தித்தபோது அரசன் நேற்றைப் போலவே தன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். அறுபதும் முடிந்ததும் வல்லி ஏடுகளை வாசித்த வரிசையிலேயே கொண்டுபோய் அரசன் கையில் கொடுத்தாள்.

"ஓரத்தில் இருக்கும் எண்களைப் பாருங்கள், அரசே."

அரசன் பார்த்தான். பத்தொன்பது. அடுத்தது முப்பத்தொன்று. அதற்கடுத்து இருபது.

அதாவது, அன்று அவையில் முதலில் திருமணம் நடந்திருந்தது. அதன் பிறகுதான் மாப்பிள்ளை மணமகளின் வீட்டைக் கொளுத்தினான். அவள் கொழுந்தனை ஆடாக்கினாள். பிறகு இருவரும் தலைகொய்யச் சபதம் செய்தார்கள். ஒருவருக்கும் உறுத்தவில்லை.

"எங்கே வைத்தாலும் பொருந்தும் காதலுக்குக் காரணம் என்று ஒன்று இல்லை, அரசே," என்றாள் வல்லி.

பெருஞ்சாத்தனார் சளைக்கவில்லை. திருமணத்துக்குப் பிறகு வீடு பற்றி எரிவதும் தலையைக் கொய்யத் தோன்றுவதும் உலக இயல்பு, மணமானவர்கள் யாரும் மறுக்கமாட்டார்கள், அதனால்தான் நிறுத்தவில்லை என்றார். அவை சிரித்தது. அரசிகூடத் தலையசைத்தாள். வல்லி தோற்றாள் என்றே பலரும் நினைத்தார்கள்.

"அப்படியானால் இன்றைய வரிசைதான் இயல்பு என்கிறீர்களா, புலவரே?"

"ஐயமில்லாமல்."

"நேற்றைய வரிசை இயல்பில்லை என்றுதானே நானும் சொன்னேன்."

புலவர் வாயைத் திறந்தார். ஆம் என்றால் அவள் சொன்ன தடை நிலைத்துவிடும். இல்லை, நேற்றையதே இயல்பு என்றால், இன்று ஏன் நிறுத்தவில்லை என்று கேட்பார்கள். திறந்த வாயில் ஒரு வெற்றிலையைப் போட்டுக்கொண்டார்.

அரசன் ஏடுகளையே பார்த்துக்கொண்டிருந்தான். எழுதியவன் அவன், அவனும் கவனிக்கவில்லை. கடைசியில் அவன் சிரித்தான். தன்னைப் பார்த்துத்தான் சிரித்தான்.

"வல்லி, எழுத்தாணி உன்னுடையதே. இனி இந்த அவையில் எந்த நூல் ஏறினாலும் முதல் தடை சொல்லும் உரிமையும் உன்னுடையது. சரி, அவள் அவனை ஏன்தான் காதலித்தாள்?"

"எழுதியவருக்கே தெரியாதது எனக்கு எப்படித் தெரியும், அரசே? யோசியுங்கள்."

அரசன் நான்கு மாதம் யோசித்து, முப்பதுக்கும் முப்பத்தொன்றுக்கும் நடுவே பதினோர் ஏடு எழுதினான். பெருஞ்சாத்தனாருக்கு அவன் விதித்த தண்டனை ஒன்றுதான்: புதிய ஒவ்வோர் ஏட்டுக்கும் ஒரு குறை கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும். முதல் ஏட்டிலேயே மனிதருக்கு வியர்த்துக் கொட்டியது. மூன்றாவதில், வாழ்நாளில் முதன்முறையாக, ஒரு கதையைக் கவனித்துக் கேட்கத் தொடங்கினார். இரண்டாம் அரங்கேற்றத்தில் சூனியக்காரி அந்தக் குகைக்குள் நுழைந்தபோது அவையில் யாரும் ஆகா என்று சொல்லவில்லை. வாசித்துக்கொண்டிருந்த வல்லிக்கே ஏட்டில் இடம் தவறி, ஒரு வரியை இரண்டாம் முறை வாசிக்க வேண்டியிருந்தது.