புண்ணியத்துக்கு ஒரு மூட்டை அரிசி

"என்னால ஆகாதும்மா," என்றார் சிவக்கொழுந்து. "இந்தக் கடைத்தெருவை ஆண்டவனே இறங்கி வந்தாலும் திருத்த முடியாது. நான் காசிக்குப் போறேன்."

வடிவம்மை கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"காசிக்கு எதுக்கு?"

"அங்க கடைத்தெரு கிடையாது."

"நீரு காசிக்குப் போனதில்லைன்னு நல்லாத் தெரியுது," என்றார் அம்மை.

சிவக்கொழுந்து மடத்தின் காரியஸ்தர். வயது ஐம்பத்தெட்டு. குருவான வடிவம்மை அவரைவிடப் பத்து வயது இளையவர். இருந்தாலும் அம்மை ஒரு பார்வை பார்த்தால் போதும், மனிதருக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

ஆடி பிறந்த அன்று அம்மை அவரைக் கூப்பிட்டு ஒரு வேலை சொல்லியிருந்தார்.

"இந்த ஊருல ஆளுங்க ரெண்டு வேலை, மூணு வேலை பாக்காங்க. அப்படியும் வீட்டுல அடுப்பு எரிய மாட்டேங்குது. ஒருத்தர் ஒரு வேலை பாத்தா ஒரு குடும்பம் பிழைக்கணும். அந்த அளவுக்குக் கூலி குடுக்கச் சொல்லிக் கடைக்காரங்களைக் கேளும். ஒரே ஒரு கடை சம்மதிச்சாக்கூடப் போதும்."

"ஒரு கடைதானே?" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினவர்தான்.

இருபத்தெட்டு நாள். முப்பத்தோரு கடை.

குறை சொல்லக்கூடாது, மரியாதைக்குப் பஞ்சமே இல்லை. மோர் கொடுத்தார்கள். விசிறிவிட்டார்கள். திருநீறு வாங்கிப் பூசிக்கொண்டார்கள். அவர் பேசப் பேச எல்லாரும் தலையைத் தலையை ஆட்டினார்கள். கூலி என்று ஆரம்பித்ததும் ஒருத்தருக்கு வெளியூர்ப் பயணம் ஞாபகம் வந்தது, இன்னொருத்தருக்கு வயிற்றைக் கலக்கியது.

"சரி, என்னதான் சொன்னாங்க?" என்று கேட்டார் அம்மை.

"ஒண்ணும் சொல்லலை."

"முப்பத்தோரு கடையிலயுமா? எல்லாரும் வாயில கொழுக்கட்டையா வெச்சிருந்தாங்க?"

"ஒண்ணு சொன்னாங்க. அது வெறும் குதர்க்கம். விடுங்கம்மா."

"விடலை. சொல்லும்."

சிவக்கொழுந்து திருதிருவென்று முழித்தார்.

"பலசரக்கு மண்டி ஆவுடையப்பன்தான் ஆரம்பிச்சு வெச்சாரு. அதையே பிடிச்சுக்கிட்டு மத்தவங்களும் சொல்லுதாங்க. அவர் தும்மினா முப்பது கடையும் சேந்து தும்முமே."

"என்ன சொன்னாரு?"

"'உங்க மடத்துச் சமையல்காரர் சுடலைமுத்து எதுக்கு சாயங்காலம் எங்கிட்ட வந்து மூட்டை தூக்குதாரு? முதல்ல மடத்துல வயித்துக்குக் காணுற மாதிரி குடுங்க. நீங்க குடுத்த மறுநாள் நானும் என் ஆளுங்களுக்குக் குடுக்கேன்'னாரு. அத்தனை பேருக்கும் முன்னால. பயறு புடைச்சுக்கிட்டிருந்த இசக்கியம்மா சிரிச்சே சிரிச்சா. மானம் போச்சும்மா."

அம்மையின் கை நின்றது.

"சுடலைமுத்து மூட்டை தூக்குதாரா?"

"ஆமா."

"ஐம்பத்தஞ்சு வயசு இருக்குமே அவருக்கு."

"இடுப்புல துணியை இறுக்கிக் கட்டிக்கிட்டுத்தான் தூக்குதாரு," என்றார் சிவக்கொழுந்து, அதில் ஏதோ ஆறுதல் இருப்பதுபோல.

"நாம என்ன குடுக்கோம் அவருக்கு?"

"கொஞ்சம் நெல்லு. வருஷத்துக்கு ரெண்டு வேட்டி. கைச்செலவுக்கு ஏதோ." அம்மையின் முகத்தைப் பார்த்துவிட்டு அவசரமாகச் சேர்த்துக்கொண்டார். "அம்மா, அது கூலி இல்லை. மடத்து வேலைங்கிறது சேவை. மிச்சத்துக்குத்தான் புண்ணியம் சேருதே."

அம்மை கீரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பதினோரு வருஷமா அந்த மனுஷன் கையால சாப்பிடுதேன். உப்பு கூடிப்போச்சுன்னு சொல்லிருக்கேன். புளி குறைஞ்சுபோச்சுன்னு சொல்லிருக்கேன். உம்ம வீட்டுல சோறு பொங்குதான்னு ஒரு நாள் கேக்கலை."

அவருக்கு வெட்கமாக இருந்தது. அதை அவர் மறைக்கவும் இல்லை.

ஆய்ந்த கீரையை ஓரமாக வைத்துவிட்டுக் கேட்டார்.

"மடத்துல அரிசி இருக்கா?"

"நாளைக்குக் காணாது."

"அப்ப ஆவுடையப்பன் கடையில ஒரு மூட்டை வாங்கிட்டு வாரும்."

சிவக்கொழுந்து இடுப்பிலிருந்து பெட்டிச் சாவியை எடுத்தார்.

"சாவி எதுக்கு?"

"பணம் எடுக்க வேண்டாமா?"

"பணம் வேண்டாம். புண்ணியம் குடுத்து வாங்கும்."

"அம்மா?"

"நம்மகிட்ட அதுதானே கொட்டிக் கிடக்கு."

குரு சொல்லைத் தட்ட முடியுமா? போனார். தூக்குமேடைக்குப் போகிறவன்கூடக் கொஞ்சம் வேகமாக நடப்பான்.

சாயங்கால நேரம். மண்டியில் கூட்டம் நெரிந்தது. ஆவுடையப்பன் கல்லாவில் உட்கார்ந்திருந்தார்.

"வாங்க சாமி. இன்னிக்கும் கூலிப் பேச்சா?"

"இல்லை. ஒரு மூட்டை அரிசி வேணும்."

"அப்படி வாங்க வழிக்கு," என்று ஆவுடையப்பன் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். "ஏடே, பொன்னி ஒரு மூட்டை வெளிய வரட்டும்."

மூட்டை வந்தது. அதன் அடியில் சுடலைமுத்து வந்தார்.

"பணம் சாமி?"

"பணம் இல்லை. புண்ணியம் தாரோம்."

ஆவுடையப்பன் காதைக் குடைந்துவிட்டுக்கொண்டார். "என்னது?"

"மடத்துக்கு அரிசி குடுத்தா புண்ணியம். அதை விலையா வெச்சுக்கிட்டு..."

மண்டியே சிரித்தது. இசக்கியம்மாளுக்குக் கையிலிருந்த முறம் நழுவிவிட்டது. பயறு முழுக்கத் தரையில்.

ஆவுடையப்பன் மட்டும் சிரிக்கவில்லை. பொறுமையாகவே சொன்னார்.

"சாமி, தப்பா நினைச்சுக்கிடாதீங்க. எனக்கும் புண்ணியம் வேணும். யாருக்குத்தான் வேண்டாம்? ஆனா நெல்லு தந்தவர் எங்கிட்டப் பணம் கேப்பாரு. வண்டிக்காரர் பணம் கேப்பாரு. அவங்ககிட்ட நான் புண்ணியத்தை நீட்டினா அடிக்க வந்துடுவாங்க. தானமா வேணும்னா சொல்லுங்க, இந்த மூட்டையைச் சும்மாவே தாரேன். ஆனா விலைன்னு வந்துட்டா விலையைக் குடுத்துத்தான் ஆகணும்."

"அது..."

"நீங்களே சொல்லுங்க. புண்ணியத்தை வெச்சு நான் நாளைக்குக் காலையில என்னத்தைப் பொங்கித் திங்க?"

பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

"சாமி, மூட்டையை இறக்கட்டுமா, மடத்துக்குக் கொண்டு வரட்டுமா?"

சுடலைமுத்து. பேச்சு முடியட்டும் என்று மூட்டையோடு குனிந்தபடியே நின்றிருக்கிறார். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. நெற்றி வியர்வை மூக்குநுனிக்கு வந்து சொட்டிக்கொண்டிருந்தது. இதே கைதான் காலையில் சிவக்கொழுந்துக்கு இட்லி வைத்தது. "இன்னொண்ணு வைக்கட்டா சாமி" என்றும் கேட்டிருந்தது.

சிவக்கொழுந்து துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டார்.

"இறக்கும்," என்றார். அவரே ஒரு பக்கம் பிடித்து இறக்கினார். பாதி பாரத்துக்கே அவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது.

"சுடலைமுத்து, உமக்கு மாசம் எவ்வளவு வேணும்?"

"எதுக்கு சாமி?"

"பிழைக்க."

சுடலைமுத்து முழித்தார். முதலாளியைப் பார்த்தார், கீழே கிடந்த பயறைப் பார்த்தார். அந்தக் கேள்வியை அவரிடம் யாரும் கேட்டதில்லை.

"வீட்டுல கேட்டுட்டு வந்து சொல்லட்டுமா?" என்றார்.

மறுநாள் காலையில் அவர் மனைவி பேச்சியம்மாள் மடத்துக்கு வந்தார். வாசல் ஓரமாகவே நின்றுகொண்டு சொன்னார்.

"அரிசி, பருப்பு, வீட்டு வாடகை. அவ்வளவுதாம்மா."

"வேற?" என்றார் அம்மை.

"வேற ஒண்ணும் இல்லை."

"வேற?"

"இவர் இடுப்புக்குத் தைலம்."

"வேற?"

"மழைக்கு முன்னால கூரை மாத்தணும். தீபாவளிக்கு ஒரு சேலை."

"வேற?"

பேச்சியம்மாள் தயங்கினார். மடத்துச் சுவரைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார். "மாசத்துல ரெண்டு நாளாவது மீனு."

"தாராளமா வாங்குங்க. மடத்துக்குள்ள மட்டும் கொண்டு வந்துடாதீங்க," என்றார் அம்மை.

பேச்சியம்மாள் சிரிக்க ஆரம்பித்தார். பாதியில் அழுகையாகிவிட்டது. சுடலைமுத்து சமையற்கட்டில் எதையோ தேடுகிறவர் மாதிரி பாத்திரங்களை உருட்டிக்கொண்டிருந்தார்.

பேச்சியம்மாள் போன பிறகு சிவக்கொழுந்து தலையைச் சொறிந்தார்.

"குடுக்க வேண்டியதுதாம்மா. பணத்துக்கு எங்க போக?"

"ஆவணி குருபூஜைக்கு வாணவேடிக்கை உண்டுல்லா?"

"உண்டு. பெரிய செலவு."

"நிறுத்தும்."

"ஊர்க்காரங்க வந்து ஆகாசத்தைப் பாத்துட்டு ஏமாந்து போவாங்களே."

"ஏன், நட்சத்திரம் இருக்குல்லா? அதைப் பாக்கட்டும்."

ஆவணி முதல் தேதி சுடலைமுத்து கையில் கூலி வந்தது. பேச்சியம்மாள் சொன்னதில் ஒன்றுகூடக் குறையவில்லை. அவர் அதை வாங்கி ரெண்டு தடவை கண்ணில் ஒற்றிக்கொண்டார். மூன்றாம் தடவை ஒற்றப்போனவரை, "போதும்வே, அது உம்ம பணம்," என்று சிவக்கொழுந்து தடுத்தார்.

அன்றைக்கு ராத்திரி சிவக்கொழுந்து தூங்கவே இல்லை. ஆவுடையப்பனிடம் பேசவேண்டியதை நெட்டுருப் போட்டார். தர்மம் என்று ஆரம்பித்து, வாக்கு என்று திரும்பி, தெய்வம் என்று முடிக்கிறதாகத் திட்டம். அந்த ஒரு கடை கிடைக்காவிட்டால் இருபத்தெட்டு நாளும் வீண். மண்டியிலுள்ள பதினோரு ஆட்களும் அப்படியே கிடப்பார்கள்.

மறுநாள் சாயங்காலம் அம்மையிடம் வந்து நின்றார்.

"மண்டிக்குப் போறேம்மா. எப்படிப் பேசட்டும்?"

"பேச வேண்டாம்."

"பின்ன?"

"சுடலைமுத்து இப்பத்தான் கிளம்பினாரு. அவர் பின்னாலயே போயிட்டு வாரும்."

சுடலைமுத்து வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். கையில் ஒரு தூக்குச்சட்டி. பத்தடி தள்ளி, மடத்துக் காரியஸ்தர் அவர் பின்னால் நடந்தார். கடைத்தெரு அதை அதிசயமாகப் பார்த்தது.

மண்டி வாசலில் பாரவண்டி நின்றது. ஆட்கள் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

"என்னடே சுடலை, வாரதுக்கு இவ்வளவு நேரமா? வண்டி காத்துக் கிடக்கு," என்றார் ஆவுடையப்பன்.

"மூட்டை தூக்க வரலை முதலாளி."

"பின்ன எதுக்கு வந்தே?"

"எண்ணெய் வாங்க வந்தேன்."

மூட்டை இறக்கினவர்கள் அப்படியே நின்றார்கள்.

"நல்லெண்ணெய் ரெண்டு படி," என்றார் சுடலைமுத்து. தூக்கைக் கல்லாமேல் வைத்தார்.

"கடனா?"

"ரொக்கம்." பணத்தை எடுத்துத் தூக்குக்குப் பக்கத்தில் வைத்தார்.

ஆவுடையப்பன் பணத்தைப் பார்த்தார். சுடலைமுத்துவின் சட்டையைப் பார்த்தார். வாசலில் நின்ற சிவக்கொழுந்தைப் பார்த்தார்.

"குடுத்துட்டீங்களா சாமி?"

சிவக்கொழுந்து தலையை மட்டும் ஆட்டினார். ராத்திரி முழுக்க நெட்டுருப் போட்டதில் ஒரு வார்த்தைகூட அவர் நாக்கில் இல்லை.

ஆவுடையப்பன் எழுந்தார். வழக்கமாக எண்ணெய் அளக்கிறவர் கைநீட்டியும் படியைக் கொடுக்கவில்லை. அவரே மொண்டு அவரே ஊற்றினார். ஒரு சொட்டு சிந்தவில்லை. கடைசியில் கொசுறும் ஊற்றினார்.

முறத்தின் சத்தம் நின்றது.

"முதலாளி," என்றாள் இசக்கியம்மாள்.

"என்ன?"

"நாங்க எப்ப எண்ணெய் வாங்க வரட்டும்?"

பக்கத்துக் கடைக்காரர்கள் ஒவ்வொருவராக வெளியே வந்து எட்டிப் பார்த்தார்கள். சிவக்கொழுந்து தூணைப் பிடித்துக்கொண்டார்.

ஆவுடையப்பன் தன் ஆட்களை ஒவ்வொருத்தராகப் பார்த்தார். பதினோரு பேர். பிறகு எண்ணெய்ப் பீப்பாயைப் பார்த்தார். திரும்பவும் ஆட்களைப் பார்த்தார்.

"நான் அன்னிக்கு என்ன சொன்னேன்?"

"மறுநாள்னீங்க," என்றாள் இசக்கியம்மாள். "நாங்க எல்லாரும்தான் கேட்டோம்."

"சொன்னா சொன்னதுதான். எவ்வளவு வேணும்னு எல்லாரும் வீட்டுல கேட்டுட்டு வாங்க. நாளைக்கே குடுக்கேன்." கல்லாவில் உட்கார்ந்துகொண்டு விரலை ஆட்டினார். "ஆனா ஒண்ணு. சின்னத் தூக்கு எவனாவது கொண்டு வந்தீங்க, ஊத்த மாட்டேன்."

யாரோ விசிலடித்தார்கள். வண்டிக்காரர் தலைப்பாகையைக் கழற்றி வீசினார். இசக்கியம்மாள் முறத்தோடு ஒரு சுற்றுச் சுற்றினாள். அறுபது கிலோ மூட்டையைத் தூக்குகிற ரெண்டு பேர் சிவக்கொழுந்தை அலாக்காகத் தூக்கிவிட்டார்கள். "இறக்குங்கடே, இறக்குங்கடே" என்று அவர் கத்தினார், கண்ணில் தண்ணீர் வடிய வடிய. சந்தோஷத்தில் அவருக்குத் தலை சுற்றியது.

எதிர் ஜவுளிக்கடைக்காரர் பதறிக்கொண்டு தெருவைத் தாண்டி ஓடிவந்தார்.

"ஆவுடையப்பா, என்னவே காரியம் பண்ணிட்டீரு? நாளைக்கு என் ஆளுங்களும் வந்து கேப்பாங்களே!"

"கேக்கட்டும்வே," என்றார் ஆவுடையப்பன். "நாளைக்கு இங்க பதினோரு பேருக்கு எண்ணெய் ஊத்தணும், எனக்குப் பேச நேரம் இல்லை. அடுத்தாப்புல அவங்க உம்ம கடைக்குத்தான் சேலை எடுக்க வாராங்க. போயி நல்ல சரக்கா எடுத்து வெளிய போடும்."