பூமிராஜனின் இடது பூட்ஸ்

நீலகிரி மலையின் மேல் பகுதியில், சோலைக்காட்டிலிருந்து இறங்கி வரும் ஓர் ஆறு உண்டு. கோடையிலும் அதன் தண்ணீர் பல்லைக் கூசவைக்கும். அங்கே ட்ரவுட் மீன் பிடிக்கக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தாள் யூனிஸ். நாற்பது வயது. முன்பு மீன்குஞ்சு பொரிக்கும் பண்ணையில் வேலை பார்த்தவள். மீன் ஏன் இப்படிச் செய்கிறது, ஏன் அப்படிச் செய்யவில்லை என்று பார்த்துப் பார்த்தே தூண்டிலுக்கு வந்து சேர்ந்தவள்.

அவளிடம் வந்தவர்களில் அதிகம் கேள்வி கேட்டவன் பூமிராஜன். கம்பம் பக்கத்துக்காரன். பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று, மலையில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் காவல் பொறுப்பில் இருந்தான். யூனிஸைவிடச் சில வயது மூத்தவன்.

"எதுக்கு அண்ணா மீன் பிடிக்கணும்?" என்று முதல் நாளே அவள் கேட்டாள்.

"மீனுக்காக இல்ல டீச்சர். பாலத்து மேல நின்னு ஒருநாள் பார்த்தேன். ஒருத்தர் தொடை வரைக்கும் தண்ணியில நிக்கிறாரு. அவரைச் சுத்தி எல்லாமே ஓடுது. அவரு மட்டும் ஓடல. உள்ளுக்குள்ள அது எப்படி இருக்கும்னு தெரிஞ்சுக்கணும்."

யூனிஸுக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது.

சில வாரங்கள் கரையிலேயே போயின. மீன் ஏன் எப்போதும் ஓட்டத்துக்கு எதிராக முகம் வைத்திருக்கிறது என்று கேட்டான். அது தூங்குமா என்று கேட்டான். சிலவற்றுக்கு அவள் பதில் சொன்னாள். சிலவற்றுக்கு, "எனக்கும் தெரியல, பார்ப்போம்" என்றாள். இருவரும் புல்லில் குப்புறப் படுத்துப் பார்த்தார்கள்.

ஒருநாள் அவன் கேட்டான்: "ஆத்துல இறங்க பூட்ஸ் வாங்கணும். சரியான அளவை எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

"சாயங்காலம் கடைக்குப் போங்க. பகல் பூரா நடந்த கால் கொஞ்சம் வீங்கியிருக்கும். ஆத்துல போடுற அதே கம்பளி சாக்ஸைப் போட்டுக்கிட்டு பூட்ஸை மாட்டுங்க. விரலை உள்ளே அசைக்க முடியணும். குதிகால் மேல எழும்பக் கூடாது. சரிவுல இறங்கிப் பாருங்க, விரல் முன்னால போய் இடிக்கக் கூடாது."

"அப்புறம்?"

"அப்புறம் காலைக் கேளுங்க. அதுவே சொல்லிடும்."

எல்லாருக்கும் அவள் சொல்கிற பதில்தான் அது. எல்லாரும் தலையாட்டிவிட்டுப் போவார்கள். பூமிராஜன் தலையாட்டவில்லை. ஏதோ கேட்க வாயெடுத்தான். பிறகு மூடிக்கொண்டான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை புது பூட்ஸோடு வந்தான். பட்டாளத்தில் சேர்ந்த நாளிலிருந்து போட்ட அதே எட்டாம் நம்பர்.

ஆற்றின் அடியில் உருண்டைக் கற்கள். கல்லெல்லாம் பாசி. முதல் தடவை இறங்குபவர்கள் ஐயோ அம்மா என்பார்கள். குளிருக்குக் காலை மாற்றி மாற்றி வைப்பார்கள். பூமிராஜன் முணுமுணுக்கக்கூட இல்லை. நட்ட கம்பு போல நின்றான்.

யூனிஸ் தூண்டிலைப் பார்க்கவில்லை. அவன் நின்ற விதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இப்படி ஒருவர் நின்று அவள் பார்த்ததில்லை.

கரையேறினான். பூட்ஸின் ஓரத்தில் தண்ணீர் வடிவதற்குச் சின்னச் சின்னத் துளைகள் இருந்தன. வலது பூட்ஸிலிருந்து தெளிந்த தண்ணீர் வடிந்தது. இடது பூட்ஸிலிருந்து வடிந்த தண்ணீர் லேசாகச் சிவந்திருந்தது.

"அண்ணா, உட்காருங்க. கழட்டுங்க."

"ஒண்ணுமில்ல டீச்சர்."

"வலிக்கலையா?"

"இல்ல."

அவன் பொய் சொல்லவில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. அதுதான் அவளுக்குப் புரியவில்லை.

"கழட்டினா என்ன?"

"வீட்டுல போய்ப் பார்த்துக்கிறேன்" என்று எழுந்து நடந்தான்.

சில நாள் வரவில்லை. திரும்பி வந்தபோது காலில் வேறு பூட்ஸ். பத்தாம் நம்பர்.

"இது தாராளமா இருக்கு" என்றான், அவள் கேட்கும் முன்பே.

"குதிகால் எழும்புதா?"

அவன் கொஞ்சம் யோசித்தான். "இல்லைன்னு நினைக்கிறேன்."

நினைக்கிறேன் என்ற சொல் அவள் காதில் இடறியது. கேட்பதற்குள் அவன் தண்ணீரில் இறங்கிவிட்டான். அவளும் பின்னாலேயே இறங்கினாள்.

பாதி ஆற்றில், இரண்டு பாறைகளுக்கு நடுவே இடது பூட்ஸ் மாட்டிக்கொண்டது. கால் அதற்குள்ளிருந்து வழுக்கி வெளியே வந்தது. வந்தது அவனுக்குத் தெரியவில்லை. பூட்ஸ் இருக்கிற நினைப்பில் அடுத்த அடியைப் பாசிக் கல்லில் வைத்தான்.

அடுத்த கணம் அவன் தலை தண்ணீருக்குள் இருந்தது.

ஆறு அவனைப் புரட்டிக்கொண்டு போனது. யூனிஸ் தூண்டிலை எறிந்துவிட்டு ஓட்டத்தோடு பாய்ந்தாள். கீழே ஆழமான மடு. அதற்கு முன்னால் அவன் சட்டைக் காலரைப் பிடித்துவிட்டாள். ஒரு கையால் நாணல் வேரைப் பற்றிக்கொண்டு, இன்னொரு கையால் அவனை இழுத்தாள். இருவரும் கரையில் விழுந்து இருமினார்கள்.

இருமல் அடங்கியதும் அவன் முதலில் செய்தது, இடது காலை வலது காலுக்கு அடியில் மறைத்ததுதான்.

"காட்டுங்க" என்றாள் யூனிஸ்.

இந்த முறை அவன் மறுக்கவில்லை.

அவள் சாக்ஸை மெதுவாக உருவினாள். இடது காலில் கடைசி இரண்டு விரல்கள் இல்லை. இருந்த இடத்தில் வழவழவென்று தோல் மூடியிருந்தது. எட்டாம் நம்பர் பூட்ஸ் உரசிய புண் பக்கத்தில் இன்னும் ஆறாமல் இருந்தது.

"பனி எடுத்துக்கிச்சு" என்றான். "எல்லையில இருந்தப்போ. மிச்சம் இருக்கிற பாதமும் மரக்கட்டைதான். ஊசி குத்தினாலும் தெரியாது. என் வீட்டுக்காரி தவிர யாரும் பார்த்ததில்ல."

யூனிஸ் புண்ணுக்குப் பக்கத்தில் விரலால் மெல்ல அழுத்திப் பார்த்தாள்.

"காலைக் கேளுன்னு சொன்னீங்க டீச்சர். வலது கால் சொல்லுது. இது எதுவும் சொல்லாது. நான் யாரைக் கேக்கிறது?"



"எனக்குத் தெரியல அண்ணா" என்றாள்.

பிறகு சொன்னாள்: "புண்ணை இன்னைக்கே டாக்டர்கிட்ட காட்டுங்க. முழுசா ஆறட்டும். அவரு சரின்னு சொன்னப்புறம் வாங்க. அதுக்குள்ள நான் யோசிக்கிறேன்."

புண் ஆறியது. டாக்டர் நிறைய எச்சரித்துவிட்டுச் சரி என்றார். பூமிராஜன் ஆற்றுக்கு வந்தபோது யூனிஸ் கரையில் உட்கார்ந்திருந்தாள். ஒரு கால் மட்டும் தண்ணீருக்குள். பக்கத்தில் மூன்று பூட்ஸ். மூன்றும் வேறு வேறு அளவு.

"என்ன டீச்சர் பண்றீங்க?"

"காலை மரத்துப்போக வைக்கிறேன்."

"எதுக்கு?"

"உங்க கால் எப்படி இருக்கும்னு பார்க்கணும்ல?"

அவனுக்குச் சிரிப்பு வந்தது. பக்கத்தில் உட்கார்ந்தான்.

கால் நன்றாக மரத்ததும் வெளியே எடுத்தாள். கண்ணை இறுக மூடிக்கொண்டாள். "நீங்களே ஒண்ணை மாட்டி விடுங்க. எதுன்னு சொல்லாதீங்க."

அவன் மாட்டி, கயிற்றைக் கட்டினான். அவள் எழுந்து நடந்தாள்.

"இது சரியா இருக்கு."

"அது சின்னது டீச்சர்."

அடுத்தது.

"இது சின்னது."

"அது பெருசு."

அவள் கண்ணைத் திறந்தாள். தன் காலையே புதிதாகப் பார்ப்பவள் போலப் பார்த்தாள். "அடேயப்பா" என்றாள். "என் கால்தான். ஆனா ஒரு சேதியும் வரல."

"இப்ப எப்படிக் கண்டுபிடிப்பீங்க?" என்று கேட்டான் பூமிராஜன். அவனுக்கும் இப்போது ஆர்வம் தாங்கவில்லை.

அவள் குதிகாலுக்குப் பின்னால் தன் விரலை நுழைத்துப் பார்த்தாள். பூட்ஸைக் கழற்றி, உள்ளே கையை விட்டுத் துழாவினாள். பிறகு முதலில் மாட்டிய சின்ன பூட்ஸை எடுத்து, பாதத்துக்கு அடியில் வரும் மெத்தையை உருவினாள். தரையில் போட்டு அதன்மேல் ஏறி நின்று குனிந்து பார்த்தாள். பாதம் விளிம்பைத் தாண்டிப் பிதுங்கியது.

"பார்த்தீங்களா?" என்றாள். "நடந்தப்போ இது எனக்குத் தெரியல. இப்ப தெரியுது."

அவனும் குனிந்து பார்த்தான்.

"இந்தத் தோலைப் பாருங்க. நடந்தது கொஞ்ச தூரம்தான். அதுக்குள்ள சிவந்திருக்கு. சொல்லிக்கிட்டுத்தான் இருந்திருக்கு. வேற இடத்துல."

மறுநாள் மாலை இருவரும் கோயம்புத்தூரில் ஒரு பெரிய கடைக்குப் போனார்கள். மலையேறவும் ஆற்றில் இறங்கவும் வேண்டியதெல்லாம் விற்கும் கடை. நல்ல கூட்டம். பக்கத்து இருக்கையில் ஓர் அம்மாள் நடைப்பயிற்சிக்குக் காலணி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எட்டா சார், ஒன்பதா?" என்று கேட்டார் கடைக்காரர்.

"இவரு காலைப் பார்த்தாத்தான் தெரியும்" என்றாள் யூனிஸ்.

பூமிராஜன் வலது சாக்ஸைக் கழற்றினான். இடது சாக்ஸில் கை வைத்தான். கை அங்கேயே நின்றது. கடையில் எல்லா விளக்குகளும் எரிந்தன.

"டீச்சர், நீங்க கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்கிறீங்களா?"

"நான் திரும்பிக்கிட்டா யாரு பார்க்கிறது?"

 பனியில் துப்பாக்கியோடு நின்றபோது இவ்வளவு பயந்ததாக அவனுக்கு நினைவில்லை. ஒரே இழுப்பில் சாக்ஸை உருவினான்.

பக்கத்து அம்மாள் பார்த்தாள். கடைக்காரரும் பார்த்தார். கடைக்காரர் முழங்காலிட்டு உட்கார்ந்து அந்தக் காலைத் தன் உள்ளங்கையில் ஏந்தினார்.

"சார், முன்னால இந்த இடம் காலியா இருக்கே. பாதம் உள்ளே சறுக்குமே?" என்றார்.

"சறுக்குச்சு. ஆத்துல விழுந்தேன்."

"ஐயோ!" என்றாள் பக்கத்து அம்மாள். "அப்புறம்?"

பூமிராஜன் அவளைத் திரும்பிப் பார்த்தான். அவள் உண்மையிலேயே கதை கேட்கக் காத்திருந்தாள். அவன் சொன்னான். அவள் கையில் இருந்த காலணியை மறந்துவிட்டுக் கேட்டாள்.

கடைக்காரர் மெத்தைகளை உருவித் தரையில் போட, பூமிராஜன் ஒவ்வொன்றிலும் ஏறி நின்றான். எட்டில் வலது பாதம்கூடப் பிதுங்கியது. இத்தனை வருஷத்தில் அந்தக் காலும் வளர்ந்திருக்கிறது; இறுக்கத்தைப் பழக்கம் என்று நினைத்து அவன் அளக்கவே இல்லை. கம்பளி சாக்ஸோடு ஒன்பது சரியாக வந்தது. இடது பூட்ஸில் விரல்கள் இல்லாத இடத்துக்குக் கடைக்காரர் கம்பளித் துண்டை வெட்டி அடைத்தார். மெத்தென்று இருக்கிறதா என்று விரலால் அழுத்திப் பார்த்தார். கடையின் சாய்வுப் பலகையில் அவன் ஏறி இறங்கினான். யூனிஸ் குதிகாலைப் பிடித்துப் பார்த்தாள். எழும்பவில்லை. கழற்றி, தோலைப் பார்த்தார்கள். எங்கும் சிவப்பு இல்லை.

"ஆத்துல எவ்வளவு நேரம் நிக்கலாம்?" என்று கேட்டான்.

"நீங்க அலுத்துப்போறதுக்கு ரொம்ப முன்னாடி வெளியே வரணும். கழட்டணும். நாம ரெண்டு பேரும் பார்க்கணும். பிறகுதான் மறுபடி இறங்கணும்."

"ஒவ்வொரு தடவையுமா?"

"ஒவ்வொரு தடவையும்."

ஞாயிற்றுக்கிழமை காலையில் லேசான வெயில். பூமிராஜன் ஆற்றில் இறங்கினான். ஒவ்வோர் அடிக்கும் முன்னால் கையிலிருந்த ஊன்றுகோலால் கல்லைத் தட்டிப் பார்த்தான். முழங்காலுக்கு மேல் தண்ணீர் வந்ததும் ஓட்டத்துக்கு எதிராக முகம் வைத்து நின்றான். தூண்டிலை வீசவில்லை. சும்மா நின்றான்.

இரண்டு தடவை வெளியே வந்தான். இரண்டு தடவையும் கழற்றிப் பார்த்தார்கள். தோல் நன்றாக இருந்தது.

மூன்றாவது தடவை இறங்கி நின்றபோது அவன் முகம் வாடியிருந்தது.

"என்ன அண்ணா?"

"எல்லாம் ஓடுது. நான் நிக்கிறேன். வலது கால்ல அதெல்லாம் தெரியுது. குளிர், இழுப்பு, கல்லு. இடது பக்கம் ஒண்ணுமே இல்ல." கோலால் இடது பூட்ஸைத் தட்டினான். "ஆத்துல நான் பாதிதான் நிக்கிறேன். இல்லையா டீச்சர்?"

யூனிஸ் அவனுக்குப் பக்கவாட்டில், ஓட்டத்தில் கொஞ்சம் கீழே நின்றுகொண்டிருந்தாள்.

"அப்படியே தலையை மட்டும் திருப்பி, உங்களுக்குப் பின்னால பாருங்க."

அவன் கோலை ஊன்றிக்கொண்டு திரும்பிப் பார்த்தான். ஓடி வந்த தண்ணீர் அவன் கால்களில் மோதிப் பிரிந்தது. ஒவ்வொரு காலுக்குப் பின்னாலும் ஒரு நீளமான சுழிப்பு. கொஞ்ச தூரம் போய் இரண்டும் ஒன்று சேர்ந்து ஆறாகிப் போயின.

"உங்களை யாருன்னே தெரியாதுன்னு வச்சுக்குங்க" என்றாள் யூனிஸ். "தண்ணியை மட்டும் பாருங்க. இதுல எது அந்தக் கால்?"

பூமிராஜன் பார்த்தான். இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டே இருந்தான்.