நாணலைப் பிடுங்கிக் கட்டிய மண்டபம்

ஆவாரங்குளத்துக்கு இளமான் ஒன்று தனியாக வந்தது. அதுவே இன்னும் குட்டித்தனம் மாறாத மான். அதன் வயிற்றில் ஒரு குட்டி. "எங்கள் மந்தைக்கே இழுக்கு!" என்று அதன் சொந்தங்கள் அதை முட்டித் துரத்தியிருந்தன.

குளக்கரையில், ஒரு மான் முழுதாக மறையும் உயரத்துக்கு நாணல் அடர்ந்திருந்தது. இளமான் அங்கிருந்த விலங்குகளிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டது.

"என் குட்டி பிறந்து ஓடப் பழகும்வரை இந்த நாணலில் யாரும் கால் வைக்காதீர்கள். பிறந்த குட்டிக்கு ஓடத் தெரியாது. ஒளியத்தான் தெரியும்."

"அவ்வளவுதானா?" என்றது மயில். குளத்துக்குத் தலைவர் அதுதான். "இத்தனை சின்ன உதவி செய்தால் எங்களை யார் மதிப்பார்கள்? கூட்டுங்கள் சபையை!"

சபை கூடியது. எல்லோரும் முதலில் இரக்கப்பட்டார்கள். இரக்கம் தீர்ந்ததும் கேள்வி கேட்டார்கள்.

"இந்த வயதில் உனக்கு இது தேவையா?" என்றது குரங்கு.

"தகப்பன் யாரம்மா?" என்றது காட்டெருமை.

"இதோ, முன்வரிசையில் நிற்கிறாரே, பெரிய கொம்புக்காரர். அவர்தான்."

சபை மொத்தமும் சட்டென்று மேகத்தை வேடிக்கை பார்த்தது. கொம்புக்கார ஆண்மான் தொண்டையைச் செருமியது.

"விஷயத்துக்கு வருவோம். இந்த அபலைக்கு நாம் ஒரு மண்டபம் கட்டுவோம்!"

"ஆகா, எவ்வளவு பெரிய மனசு!" என்றார்கள் எல்லோரும். ஆண்மானையே கட்டடக் குழுவுக்குச் செயலாளர் ஆக்கினார்கள்.

"மண்டபம் வேண்டாம் ஐயா, நாணலை மட்டும்..." என்றது இளமான்.

"பாவம், கூச்சப்படுகிறாள்!" என்றது மயில்.

ஓரத்தில் ஒரு முள்ளம்பன்றி உட்கார்ந்திருந்தது. நாணலே போதுமே என்று அதற்குத் தோன்றியது. ஆனால் சொல்லவில்லை. 'பெரியவர்கள் யோசிக்காமலா பேசுவார்கள்?' என்று நினைத்தது. எல்லோரும் முன்னங்காலைத் தூக்கியபோது தானும் தூக்கியது.

வேலை மளமளவென்று நடந்தது. கூரை வேய நாணல் வேண்டாமா? குரங்குகள் பிடுங்கின. விருந்தினர் நிற்க இடம் வேண்டாமா? மிச்ச நாணலைக் காட்டெருமைகள் மிதித்துத் தரையாக்கின. மண்டபம் எழுந்தது.

திறப்பு விழாவுக்கு நரியும் வந்திருந்தது. மண்டபத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துப் பாராட்டியது. "சுவர் பலே உறுதி! வாசலும் ஒன்றே ஒன்று! விஷயம் தெரிந்தவர்கள் கட்டியிருக்கிறார்கள்!"

இளமானுக்கு மாலை போட்டார்கள். பசி தாங்காமல் அது மாலையைத் தின்றது.

"மரியாதை தெரியாத ஜென்மம்!" என்று கத்தியது மயில். "போ உள்ளே!"

"மாட்டேன். வாசலில் நரி நின்றால் நான் எந்தப் பக்கம் ஓடுவது?"

"நன்றி கெட்டவள்! இதனால்தான் மந்தை துரத்தியது" என்றது ஆண்மான்.

முள்ளம்பன்றிக்கு உடம்பெல்லாம் கூசியது. "மாலையைத் தின்கிற அளவுக்குப் பசி. சாப்பிட்டாயா என்று நம்மில் ஒருத்தர் கேட்டோமா? நான் கேட்டேனா? தூ!" என்று தன்னையும் சேர்த்துத் திட்டிக்கொண்டே இளமானிடம் போனது.

"எனக்கு மண்டபம் கட்டத் தெரியாது, தாயி. என்ன வேண்டும், சொல்."

"மறைவு வேண்டும். இரண்டு பக்கம் வழி வேண்டும். கேள்வி வேண்டாம்."

முள்ளம்பன்றியின் வளைக்குப் பக்கத்தில் இலந்தைப் புதர் இருந்தது. அதில் எதிரெதிராக இரண்டு வழிகளைக் கடித்துத் திறந்துவிட்டது. உதிர்ந்து கிடந்த பழங்களை மான் வயிறாரத் தின்றது. மறுநாள் விடியலில் குட்டி பிறந்தது.

மண்டபம் காலியாகக் கிடப்பதை மயிலால் பொறுக்க முடியவில்லை. வெளியூர்க் கொக்குகளை அழைத்து வந்து, தானே உள்ளே போய் உட்கார்ந்தது. "பாருங்கள், எத்தனை சுகம்!" என்றது.

வாசலில் நரி வந்து நின்றது. கொக்குகள் பறந்துவிட்டன. மயில் சுவரில் முட்டி மோதி, கூரையைப் பிய்த்துக்கொண்டு தப்பியது. தோகை மட்டும் நரியின் வாயில் சிக்கிக்கொண்டது.

தோகையால் வயிறு நிறையுமா? நரி இலந்தைப் புதரை மோப்பம் பிடித்தது. இளமான் ஒரு பக்கத்து வழியில் வெளியே பாய்ந்து ஓடி, அதற்குப் போக்குக் காட்டியது. குட்டி அசையாமல் படுத்திருந்தது. ஏமாந்து திரும்பிய நரி அடுத்த வழியில் மூக்கை நுழைத்தது. அங்கே முள்ளம்பன்றி முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தது.

"ஐயோ, மூக்கு!" என்று அலறிய நரி, அதன்பின் அந்தப் பக்கமே வரவில்லை.

சில நாட்களில் குட்டி தாயோடு குளத்துக்குத் தண்ணீர் குடிக்க வந்தது. தோகையில்லாத மயில் ஓடி வந்தது.

"பார்த்தீர்களா! நம் மண்டபம் வளர்த்த குட்டி!"

"யோசனை என்னுடையது" என்றது ஆண்மான்.

"வாடா கண்ணு, போய்விடலாம். இவர்கள் மறுபடியும் சபை கூட்டப் போகிறார்கள்!" என்றது இளமான். குட்டி அம்மாவை முந்திக்கொண்டு ஓடியது.

அடைக்கலம் தேடி வரும் இளந்தாய்க்கு அவள் கேட்டதைக் கொடுப்பதுதான் உதவி. நமக்குப் பெருமை தருவதைக் கொடுப்பது, அவள் பெயரைச் சொல்லி நாம் கொண்டாடும் நம்முடைய திருவிழா.